நிலவை இசையாக்க எந்தச் சிந்தசைசர்? திருகோணமலையிலிருந்து ஓர் ஒப்பீடு

"நிலவை வைத்து ஒரு சிந்தசைசர் இசை செய்யவேணும், என்ன கீபோர்ட் வாங்கலாம் சேர்?" திருகோணமலையில் இசை படிக்கும் இளையவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. ஒரு மொடலின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அதே பணத்துக்கு, சில வேளை ஒரு சதமும் செலவில்லாமல், அதைவிட நல்ல வழி இருக்கும்போது அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. அதனால் எங்களுக்கு எட்டக்கூடிய வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எது யாருக்குப் பொருந்தும் என்று எழுதுகிறேன்.

அதற்கு முதலில் நிலவைக் கொஞ்சம் வடிவாகப் பார்க்கவேண்டும். கச்சான் வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் எங்கள் கரையில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். அந்தப் பூரணை மாலைகளில் கோணேசர் மலையில் நின்றாலோ நிலாவெளிக் கரையில் நின்றாலோ, சூரியன் மேற்கே மறையும் நேரத்தில் சற்றே தெற்கு ஒதுங்கிய கிழக்கில் நிலவு கடலை விட்டு எழும். முதல் கீற்றுத் தெரிவதிலிருந்து முழுவட்டமும் நீரை விட்டு விலகும்வரை ஏறக்குறைய இரண்டு நிமிடம். தொடக்கத்தில் செம்மஞ்சளாக, மேலும் கீழும் அமுங்கிய வடிவில் இருக்கும். ஏற ஏற வெளுக்கும். அது மெதுவான கடிகாரம். அதே வேளை கீழே அலையின் முதுகில் அந்த ஒளி நொடிக்குப் பலமுறை உடைந்து உடைந்து சேர்கிறது. அது வேகமான கடிகாரம். நிலவைப் பற்றிய நல்ல இசையில் இரண்டும் ஒன்றாக ஓடவேண்டும். ஒன்றை மட்டும் பிடித்தால், மெதுவானது வெறும் பின்னணி இரைச்சலாகிவிடும். வேகமானது வித்தை காட்டலாகிவிடும்.

கருவிகளை ஒப்பிட நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இதிலிருந்துதான் வருகிறது. ஒரு கருவியில் எத்தனை ஒலிகள் இருக்கின்றன என்று நான் பார்ப்பதில்லை. ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கையால் எத்தனை விதமாக மாற்றலாம், அத்துடன் இரண்டு நிமிடம் நீளும் ஒரு மாற்றத்தை அது பிசிறில்லாமல் தாங்குமா என்பதைத்தான் பார்க்கிறேன். வீணையிலும் வயலினிலும் நாதஸ்வரத்திலும் சுரம் பிறந்த பிறகுதான் அதன் வாழ்க்கை தொடங்குகிறது. சத்தம் கூடினால் ஒலி கூர்மையாகவும் ஆகும், அழுத்தம் மாறினால் சுருதி வளையும், முடிகிற இடத்தில் நிறம் மங்கும். சிந்தசைசரில் இவை ஒன்றும் தானாக வராது. நாங்கள் கேட்டு வாங்கவேண்டும்.

சரி, முதல் வழி: வீட்டிலேயே இருக்கும் கீபோர்ட். யமஹா பிஎஸ்ஆர் வகைக் கீபோர்ட் ஒன்று எங்கள் ஊரில் கோயில் பஜனைக்கும் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் கல்யாண வீட்டு இசைக்குழுவுக்கும் பொதுச் சொத்து மாதிரி. அதில் நூற்றுக்கணக்கான ஒலிகள் இருக்கும். பெரும்பாலானவை உண்மைக் கருவிகளைப் பதிவுசெய்து அடுக்கியவை. பியானோ, ஓர்கன், வயலின் கூட்டம் எல்லாம் கேட்டவுடன் பிடித்துப்போகும். ஆனால் கட்டையை அழுத்திய கணத்தில் விசை எவ்வளவு என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அதற்குப் பிறகு வயலின் கூட்டம் பத்து நொடி ஒலித்தாலும் பதிவின் ஒரு துண்டுதான் திரும்பத் திரும்பச் சுழல்கிறது. கைக்குக் கிடைப்பது சுருதியை வளைக்கும் இடப்பக்கத்துப் பிட்ச் வீல் ஒன்றுதான். அடிமட்ட மொடல்களில் அதுவும் இராது. நிலவு போன்ற நீண்ட மூச்சுள்ள பொருளுக்கு இது போதாது. மெட்டை யோசிக்க, சுரங்களைக் கோக்க, மிக நன்று. முழு ஆக்கத்தையும் அதன் உள் ஒலிகளால் செய்து முடிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆனாலும் அதை விற்றுவிடாதீர்கள். பின்பக்கத்தில் யூஎஸ்பி துளை இருந்தால், அந்தக் கீபோர்டே லப்டொப்புக்கு ஒரு மிடி கட்டைப்பலகையாகிவிடும் (மிடி என்பது இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் பொதுமொழி). கட்டைகளும் விசையும், வீல் இருந்தால் அதன் அசைவும், கம்பி வழியே மென்பொருளுக்குப் போகும். ஒலியை மென்பொருள் உருவாக்கும். கனபேர் இது தெரியாமல் தனியாக ஒரு மிடி கீபோர்ட் வாங்கக் கொழும்புக்கு ஆள் அனுப்புகிறார்கள்.

இரண்டாவது வழி, லப்டொப்பும் இலவச மென்பொருளும். என் பார்வையில் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது இதுதான். ஆகவே இதில் கொஞ்சம் அதிகம் நிற்கிறேன். சர்ஜ் எக்ஸ்டி முற்றிலும் இலவசம், மூலநிரலும் திறந்தது. வைட்டலுக்கு இலவசப் பதிப்பு உண்டு. டெக்ஸெட் என்பது 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கருவியை அப்படியே மென்பொருளாக ஆக்கியது, அதுவும் இலவசம். இந்த மூன்றும் ஒலி பிறப்பிக்கும் மூன்று வெவ்வேறு முறைகளைக் கையில் தருகின்றன. நிலவின் எந்த முகம் உங்களுக்கு வேண்டும் என்பதைப் பொறுத்து முறையைத் தேர்ந்துகொள்ளலாம்.

நிலவு எழுவதைச் சொல்ல, கழித்தல் முறை. இதில் மேல்சுரங்கள், அதாவது ஒரு சுரத்தோடு கூடவே ஒலித்து அதற்கு நிறம் தரும் உயர்ந்த அதிர்வுகள், நிறைந்த ஒரு அலையை எடுத்து, வடிகட்டியால் அதன் கூர்மையை வெட்டிவிடுவோம். வடிகட்டி முழுதாக மூடியிருக்கும்போது ஒலி இருட்டறையில் இருக்கும். மெல்லத் திறக்கத் திறக்க மேல்சுரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மூக் (Moog) என்ற பெயரில் வந்த சிந்தசைசர்களின் பெயர் பெற்ற இளஞ்சூடான ஒலி இந்த வழியில் வந்ததுதான். சர்ஜில் இதை வெகு எளிதாகச் செய்யலாம்.

மணி ஒலி, பனிபோன்ற ஒலி, அலைமேல் பட்டுத் தெறிக்கும் ஒளி, இவற்றுக்கு அதிர்வெண் பண்பேற்ற முறை. ஸ்டான்ஃபோர்டில் ஜோன் சௌனிங் 1967இல் கண்டறிந்து, பிறகு யமஹா உரிமம் வாங்கி டிஎக்ஸ்7இல் போட்ட முறை இது. ஒரு அலை இன்னொரு அலையின் அதிர்வெண்ணை ஆட்டும்போது புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான விகிதம் முழு எண்ணாக இருந்தால் ஒலி இனிமையாகப் பொருந்தும், 1:1.4 போன்ற விகிதமானால் வெண்கல மணியின் சாயல் வரும். கோயில் மணியைக் கூர்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும், அடித்த உடனே கூர்மையான பல ஒலிகள் சிதறி, அவை முதலில் செத்து, அடியிலுள்ள ரீங்காரம் மட்டும் கடைசிவரை நிற்கும். டெக்ஸெட்டில் பண்பேற்றும் அலையின் அளவைச் சத்தத்தைவிட வேகமாகத் தணியவிட்டால் அதே நடத்தை கிடைக்கும்.

பிறை வளர்ந்து முழுநிலவாவதைக் காட்ட வைட்டலின் அலைவரிசை அட்டவணை முறை பொருத்தம். அட்டவணையின் ஒரு முனையில் மிக எளிய சைன் அலையும் மறுமுனையில் செறிந்த அலையும் இருக்கும். நடுவில் எந்த இடத்திலும் நிற்கலாம், நகரலாம். ஒலியின் உடம்பே மெதுவாக வேறொன்றாக மாறும்.

இங்கேதான் ஒரு முக்கியமான கணக்கு வருகிறது. கனபேர் பிசகுவது இந்த இடத்தில்தான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். மொடுலேஷன் வீல், கால்மிதி, திருகு என்று நாங்கள் கையாளும் மிடி கட்டுப்பாடுகள் வழமையாக 0 முதல் 127 வரை 128 படிகள் மட்டுமே கொண்டவை. ஒரு கமகத்துக்குள், அரை நொடிக்குள், 128 படிகளும் ஓடி முடிந்தால் காதுக்குப் படி தெரியாது. ஆனால் நிலவு எழும் இரண்டு நிமிடத்துக்கு வடிகட்டியை மொடுலேஷன் வீலால் திறந்தால் ஒரு படிக்கு ஏறக்குறைய ஒரு நொடி. அமைதியான இசையில், மென்பொருள் தானாக மென்மைப்படுத்தாவிட்டால், ஒவ்வொரு படியும் கேட்கும். அது நிலவெழுச்சி ஆகாது, மாடிப்படி ஏறுவது போலாகிவிடும். ஒரு திருகு நேரத்தோடு எப்படி மாறவேண்டும் என்று பதிவு மென்பொருளில் வரையும் ஆட்டோமேஷன் கோட்டுக்கு இந்தத் தடை இல்லை. அதன் இடைவெளிகள் வெகு நுண்ணியவை. மறுபக்கம், பிட்ச் வீலின் செய்தி 14 பிட், அதாவது 16,384 படிகள். வீலின் எல்லை வழமையான இரண்டு அரைச்சுரம் மேலே, இரண்டு கீழே என்றால் ஒரு சென்ட்டுக்கு, அதாவது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்குக்கு, நாற்பதுக்கும் மேற்பட்ட படிகள். சுருதியை வளைப்பதற்குப் பிட்ச் வீலை முழுமையாக நம்பலாம்.

ஆகவே என் தீர்ப்பு: மெதுவான கடிகாரத்தைக் கோடாக வரையுங்கள், வேகமான கடிகாரத்தைக் கையால் வாசியுங்கள். இதை மாற்றிச் செய்பவர்களின் ஆக்கங்களை உடனே கண்டுபிடித்துவிடலாம். சுட்டியால் வரைந்த அதிர்வு எல்லாச் சுரத்திலும் ஒரே மாதிரி ஆடும். ஒரு மனிதக் கை அப்படி ஆட்டுவதில்லை. சுரம் தொடங்கியதும் நிமிர்ந்து நின்று, பிறகு ஆடத் தொடங்கி, முடிவில் ஆட்டம் விரியும். இடக்கை வீலில், வலக்கை கட்டையில், வலக்கால் எக்ஸ்பிரஷன் மிதியில்: இந்த மூன்றும் இருந்தால் ஒற்றைக் குரல் மெட்டை நாதஸ்வரக்காரரின் நிதானத்தோடு வாசிக்கலாம். மிதியின் செய்தியைச் சத்தத்துக்கு மட்டும் கட்டாமல் வடிகட்டிக்கும் சேர்த்துக் கட்டுங்கள். சத்தம் கூடும்போது ஒலி சற்றுத் திறக்கவேண்டும். இந்த ஒரு இணைப்பு மட்டும் ஒரு ஒலியை எவ்வளவு மாற்றிவிடும் என்பதைக் கேட்டால்தான் நம்புவீர்கள்.

ஒற்றைக் குரல் என்று சொன்னது காரணத்தோடுதான். ஜப்பானியரான இசாவோ தொமித்தா மூக் கருவியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுசியின் பியானோ ஆக்கங்களை, நிலவொளி பற்றிய ஒன்று உட்பட, மறுபடி உருவாக்கி 1974இல் இசைத்தட்டாக வெளியிட்டார். அந்த மூக் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் தரும். அவர் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வாசித்து ஒலிநாடாவில் அடுக்கினார். வரிக்கு வரி தனி உயிர் இருப்பதற்கு அந்தப் பொறுமையே காரணம். இன்று ஒரே அழுத்தலில் பத்துச் சுரம் தரும் மென்பொருள் இருந்தாலும் ஒவ்வொரு வரியாக வாசித்து அடுக்கும் வழியே உணர்ச்சிக்கு ஏற்றது.

மூன்றாவது, எம்பிஇ வகைக் கட்டைப்பலகைகள். 2018இல் மிடி தரத்தோடு சேர்க்கப்பட்ட ஏற்பாடு இது. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தனித் தடம் ஒதுக்கி, அந்த விரலின் சுருதி வளைவையும் அழுத்தத்தையும் மேல்கீழ் நகர்வையும் தனித்தனியாக அனுப்புகிறது. வீணையோ வயலினோ கற்ற கை ஒன்று இதில் உட்கார்ந்தால் வீடு வந்து சேர்ந்ததுபோல் உணரும். சர்ஜும் வைட்டலும் எம்பிஇயை ஏற்றுக்கொள்பவை என்பதால் மென்பொருளுக்குத் தனிச் செலவில்லை. கருவிதான் விலை. எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வரும்போது கொண்டுவந்தால்தான் உண்டு; பழுதானால் திருத்த ஆளில்லை. வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பலகையிலும் மென்பொருளிலும் சுருதி வளைவின் எல்லை ஒன்றாக இருக்கவேண்டும், எம்பிஇயின் வழமை 48 அரைச்சுரம். இரண்டும் வேறுபட்டால் ஒரு சிறு கமகம் எங்கோ எகிறிவிடும். கமகத்தோடு ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்களை ஒரே நேரத்தில் வளைக்கவேண்டும் என்றால் இதற்கு மாற்று இல்லை. ஒற்றை வரி வாசிப்பவருக்கு இது அவசியமும் இல்லை.

இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டியது ஊதும் சிந்தசைசர். அக்காயின் ஈடபிள்யூஐயும், யமஹா 1987இல் வெளியிட்ட டபிள்யூஎக்ஸ்7இன் வழிவந்தவையும் இந்த வகை. மூச்சின் அழுத்தமே சத்தமும் நிறமும். நாதஸ்வரம், புல்லாங்குழல், சாக்ஸபோன் தெரிந்தவர்களுக்கு இதைவிட இயற்கையான வழி இல்லை. நாதஸ்வரத்தில் ஏழு விரல்துளைகளுக்கு இடையிலான சுரங்களை மூச்சாலும் உதட்டாலும் பிடித்துப் பழகியவரிடம் உணர்ச்சி ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கணினிக்குக் கடத்தும் கம்பிதான் தேவை. கோயில் மேளக்குழுக்களில் இருக்கும் இளைஞர்கள் இதைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பது என் பெரிய ஆசை.

கணினியில்லாமல் மின்சுற்றாலேயே ஒலி பிறப்பிக்கும் அனலொக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒலி அருமையானது, திருகுகளைத் திருப்பும் இன்பம் தனி. அந்தத் திருகுகளுக்கு 128 படித் தடையும் பெரும்பாலும் இல்லை. ஆனால் அனலொக் அலைபிறப்பிகளின் சுருதி வெப்பத்தோடு நகரும். உப்புக் காற்றும் ஈரப்பதமும் திருகுகளின் உள்ளே அரிப்பை உண்டாக்கிக் கரகரப்பைக் கொண்டுவரும். கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு என்றால் உறை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், அடிக்கடி இயக்குவது என்று ஒரு பராமரிப்பு வேண்டும். முதல் கருவியாக வேண்டாம் என்பேன்.

நிரல் எழுதும் வழி வேறு வகை. சூப்பர்கொலைடர் 1996இல் ஜேம்ஸ் மக்கார்ட்னி உருவாக்கியது. மில்லர் பக்கெட்டின் பியூர் டேட்டாவும் 1990களில் வந்தது. பாரி வர்கோ எம்ஐடியில் உருவாக்கிய சிசவுண்ட் இரண்டுக்கும் மூத்தது. மூன்றும் இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும். இவற்றின் பலம் மெதுவான கடிகாரம். ஒரு கணிதச் சமன்பாட்டை எழுதினால் அது நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் பிசிறில்லாமல் ஓடும். நிலவின் எண்களை இசைக்குள் கொண்டுவர நினைப்பவர்களுக்கு இதுவே சரியான இடம். நிலவின் ஒரு சுற்று, அதாவது ஒரு அமாவாசையிலிருந்து அடுத்ததற்கு, 29.53 நாள். எட்டு நிமிட ஆக்கத்துக்குள் அதை அடக்கினால் ஒரு நாளுக்குப் பதினாறு நொடிக்குச் சற்று மேல். அந்த ஒவ்வொரு பதினாறு நொடிக்கும் ஒளியின் அளவை மாற்றிக்கொண்டு போகலாம்.

அப்படிச் செய்பவர்கள் கட்டாயம் அறியவேண்டிய ஒன்று உண்டு. நிலவின் பிரகாசம் நேர்கோட்டில் கூடுவதில்லை. பாதி நிலவில் தட்டின் பாதி தெரிந்தாலும் அதன் வெளிச்சம் முழுநிலவின் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நிலவுத்தரையின் கரடுமுரடுகளின் நிழல்கள் பூரணையில் மறைந்துவிடுவதாலும், அந்தத் தூசு ஒளியை வந்த திசைக்கே கூடுதலாகத் திருப்புவதாலும் கடைசி நாட்களில் வெளிச்சம் ஒரேயடியாக எழும்புகிறது. ஆகவே வடிகட்டியை நேர்கோட்டிலோ சாதாரண சைன் வளைவிலோ திறந்தால் நிலவுபோல் இருக்காது. நீண்ட நேரம் அடக்கமாக வைத்திருந்து, உச்சத்துக்குச் சற்று முன்னர்தான் முழுக்கத் திறக்கவேண்டும். இசையிலும் அதுதான் அழகு என்பதை நல்ல ஆலாபனை கேட்டவர்கள் அறிவார்கள்.

நிரலின் பலவீனம் வேகமான கடிகாரம். விரலால் ஒரு நொடியில் செய்யும் அசைவை எழுத்தில் கொண்டுவர ஒரு மாலைப்பொழுது போய்விடும். எனவே நிரலைப் பின்னணிக்கும், கையை முன்னணிக்கும் வைத்தால் இரண்டும் பயன் தரும்.

போனில் செய்யலாமா? ஐபாட் இருந்தால் காராஜ்பேண்டில் விரலைக் கட்டையில் வழுக்கி அழகாக வாசிக்கலாம். மலிவான அன்ட்ரொயிட் போன்களில் தொட்டதற்கும் ஒலிப்பதற்கும் இடையே தாமதம் வரும், கை சோர்ந்துவிடும். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முழு இசையையும் தரும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகளும் வந்துவிட்டன. ஒரு விளம்பரத்துக்கு அது போதுமாக இருக்கலாம். சுரத்துக்குள் உங்கள் கை நுழையவே முடியாத ஒன்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

கருவி ஒருபக்கம். நிலவிலிருந்து எதை எடுப்பது என்பது அதைவிடப் பெரிய தேர்வு. எங்களுக்கு ராகம் என்ற பெரும் சொத்து இருப்பதால் முதலில் அதைப் பார்ப்போம். தீட்சிதரின் நவக்கிரகக் கீர்த்தனைகளில் சந்திரனுக்கு அசாவேரி. கமகம் செறிந்த ராகம், வீல் வைத்து அதன் உருவைக் காப்பாற்றுவது கடினம், வாய்ப்பாட்டு நன்கு தெரிந்தவர் மட்டும் முயலலாம். சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தை உள்ளே கொண்டுவரவேண்டும் என்று எங்கள் ஊரவர் விரும்புவது இயல்பு. அது புறநீர்மைப் பண், பூபாளத்தில் பாடப்படுவது, விடியலுக்கு உரியது. நிலவு எழும் பகுதிக்கு ஒட்டாது. ஆனால் பூரணை நிலவு விடியும் வேளையில்தான் மறைகிறது; ஆக்கத்தின் கடைசிப் பகுதியில் அந்தச் சாயல் வந்தால் பொருத்தமாக இருக்கும்.

சிந்தசைசருக்கென்றே அமைந்தமாதிரி இருப்பது ஹிந்தோளமும் சந்திரகௌன்ஸும் சேர்ந்த இணை. ஹிந்தோளம் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். சந்திரகௌன்ஸில் கைசிகி நிஷாதத்துக்குப் பதில் காகலி நிஷாதம். மற்ற எல்லாம் ஒன்றுதான். ஒரே ஒரு அரைச்சுரம் நகர்ந்ததும் முழு வானமும் மாறிவிடுகிறது. நிஷாதம் மேல்சட்ஜத்தை ஏக்கத்தோடு பார்க்கத் தொடங்குகிறது. இந்த நூறு சென்ட் நகர்வை ஆர்மோனியம் ஒரே தாவலில்தான் செய்யும். சிந்தசைசரில் நிஷாதம் மட்டும் ஒலிக்கும் ஒரு தனித் தடத்தை வைத்து, அதன் சுருதியை இரண்டு நிமிடத்தில் கைசிகியிலிருந்து காகலிக்கு நகர்த்தலாம். கேட்பவர் எந்த இடத்தில் மாறியது என்று சொல்லமாட்டார், ஆனால் மாறிவிட்டதை உணர்வார். சுத்த கர்நாடகக் காதுக்கு இது முறைமீறல். ராகக் கச்சேரியில் நானும் இதை ஏற்கமாட்டேன். நிலவெழுச்சியை ஒலியாக்கும் ஆக்கத்தில் இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

எண்களையும் அறிவியலையும் எடுப்பதென்றால் இரண்டு விசயங்கள் இசைக்கு நேரடியாக உதவுபவை. பூமியிலிருந்து நிலவின் சராசரித் தூரம் 3,84,400 கிலோமீற்றர். ரேடியோ அலை போய்த் திரும்ப 2.56 நொடி. 1946இல் அமெரிக்க இராணுவப் பொறியியலாளர்கள் முதன்முதலாக நிலவிலிருந்து எதிரொலியைப் பிடித்தபோது காத்திருந்த நேரம் அதுதான். ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் டிலே கருவியில் 2,560 மில்லிநொடி வையுங்கள். வாசித்த சொற்றொடர் நிலவுக்குப் போய் வந்த நேரத்தில் திரும்பி வரும். தாளத்தோடு ஒட்டவேண்டுமா, நிமிடத்துக்கு 93.75 துடிப்பு வைத்தால் நான்கு துடிப்புக்குச் சரியாக அமரும்.

மற்றது நிலநடுக்கம். 1969 நவம்பரில் அப்பலோ 12 விண்கலத்தின் மேலேறும் பகுதியை, வேலை முடிந்தபின் வேண்டுமென்றே நிலவில் மோதவிட்டார்கள். வீரர்கள் வைத்துவிட்டு வந்த கருவியில் அதிர்வு உடனே உச்சம் தொடாமல் மெல்ல ஏறி, ஒரு மணிநேரத்துக்குக் கிட்டத் தணிந்துகொண்டே இருந்தது. உலர்ந்து வெடித்த பாறைகளுக்குள் அலை சிதறிச் சிதறி அலைவதால் அப்படி. ஒலி வடிவமைப்பில் இதை அப்படியே எடுக்கலாம்: மேளம் போன்ற தாழ்ந்த ஒலி, ஆனால் தொடக்கம் இரண்டு நொடி மெதுவாக, தணிவு மிக நீளமாக. பூமியின் மேளம் எதுவும் அப்படி ஒலிக்காது என்பதால் கேட்டவுடன் வேற்றுலகம் என்று மனம் சொல்லும்.

ராகமா எண்ணா என்று கேட்டால், மெட்டை ராகத்துக்கும், காலத்தை எண்ணுக்கும் கொடுப்பேன். எண்களிலிருந்தே மெட்டையும் எடுத்த ஆக்கங்கள் பெரும்பாலும் விளக்கக் குறிப்பைப் படித்தால்தான் நெஞ்சைத் தொடுகின்றன.

எதிரொலி அறை, அதாவது ரிவெர்ப், பற்றி ஒரு எச்சரிக்கை. நிலவு என்றதும் எல்லாரும் பத்து நொடி ரிவெர்பைப் போட்டுவிடுகிறார்கள். அது கமகங்களின் விளிம்பைக் கரைத்துவிடும். கையால் வாசித்த உழைப்பு வீணாகும். முன்னணி மெட்டைக் கிட்டத்தட்ட உலர்வாக வைத்து, பின்னணியை மட்டும் அகலவிடுங்கள். அத்துடன் எங்கள் மக்களில் பெரும்பகுதியினர் போன் ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலிகளை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். தம்புரா போன்ற அடி ஒலிக்கு மேல்சுரங்கள் சேர்த்தால் மூளை அடியை ஊகித்துக்கொள்ளும்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். லப்டொப் சார்ஜரோடு இணைந்திருக்கும்போது 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் ஸ்பீக்கரில் கேட்டால், சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள். பல வேளை அதுவே தீர்வு. கரண்ட் போனாலும் வேலை தொடரும் என்பது லப்டொப் வழிக்கு இன்னொரு நன்மை.

இனி யாருக்கு எது. வீட்டில் யூஎஸ்பி உள்ள கீபோர்டும் ஒரு சுமாரான லப்டொப்பும் இருக்கிறவர் வேறெதையும் வாங்கவேண்டாம். சர்ஜ் எக்ஸ்டியையும் டெக்ஸெட்டையும் இறக்கி, ஆட்டோமேஷன் வரையக்கூடிய பதிவு மென்பொருள் ஒன்றில் தொடங்கலாம். கொஞ்சம் பணம் சேர்ந்தால் முதலில் வாங்கவேண்டியது எக்ஸ்பிரஷன் மிதி; கீபோர்டில் அதற்குத் துளை உண்டா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் யூஎஸ்பியில் நேரே இணையும் மிதி. அடுத்து நல்ல ஹெட்போன். வயலின், வீணைக் கைகளுக்கு எம்பிஇ, ஊதும் கருவிக்காரருக்கு ஊதும் சிந்தசைசர். இரண்டையும் வாங்குமுன் ஒருமுறையாவது தொட்டு வாசித்துப் பாருங்கள். கணிதத்தில் ஈடுபாடு உள்ள மாணவர்கள் சூப்பர்கொலைடரில் பின்னணியை எழுதி, முன்னணிக்கு இசை தெரிந்த நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். மாதம் ஒரு போயா விடுமுறை எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கிறது. இருவரும் உட்கார்ந்து வேலைசெய்ய அந்த நாள் வசதி.

முதலில் செய்யவேண்டியது இரண்டு நிமிடத் துண்டு ஒன்றுதான். கீழ்ச்சட்ஜத்தில் ஒரு அடி ஒலி, அதன் வடிகட்டிக்கு மேலே சொன்ன வளைவில் ஒரு கோடு, அதன்மேல் ஹிந்தோளத்தில் கையால் வாசித்த ஒரே ஒரு நீண்ட வரி. அந்த வரியைச் சுருதி திருத்தாமல், தாளக் கட்டத்துக்குள் இழுக்காமல் விட்டுவிடுங்கள். அது நன்றாக வந்துவிட்டால் மீதி ஆறு நிமிடத்துக்கு எந்தக் கருவி வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.